ஹைடல்பர்க்கில் படிக்க வருகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

முதுகலை படிக்க வந்து, ஆறு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

கேள்வி: ஜெர்மனியில் படிப்பு இலவசம்தானே அண்ணா?

பல மாநிலங்களில் அப்படித்தான். ஆனால் ஹைடல்பர்க் இருக்கும் மாநிலத்தில் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். முனைவர் பட்டத்துக்கு வருபவர்களுக்கு இது கிடையாது.

கேள்வி: பழைய நகரத்திலேயே அறை எடுக்கலாமா? கோட்டை தெரிய வேண்டும் என்று ஆசை.

எனக்கும் அதே ஆசை இருந்தது தம்பி. பழைய நகரம் என்பது மலைக்கும் நெக்கார் ஆற்றுக்கும் நடுவே ஒரு ஒல்லியான பட்டை. பகலில் சுற்றுலாக் கூட்டம், ராத்திரியில் மதுக்கடைச் சத்தம். அறிவியல், மருத்துவம் என்றால் வகுப்பே அக்கரையில், நோயன்ஹைமர் ஃபெல்ட் என்ற வளாகத்தில். அதனால் நகரத்தின் தெற்கே ரோர்பாஹ், கிர்ஹைம் பக்கம் தேடு. பக்கத்து நகரமான மான்ஹைமில் இருந்துகொண்டு ரயிலில் வருபவர்களும் நிறைய. விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருந்தால் வெறும் வாடகை. 'வார்ம்' என்றால் ஹீட்டர், தண்ணீர் செலவும் சேர்ந்தது. அறையைக் காட்டாமலே அட்வான்ஸ் கேட்பவருக்கு ஒரு காசு அனுப்பாதே. நான் அனுப்பினேன், ஒரு மாத வாடகை போயே போச்சு. அப்புறம், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் தேவை. அது தரமாட்டேன் என்பவரின் வீடே வேண்டாம்.

கேள்வி: வகுப்பு 10 மணி என்று போட்டிருந்தது. போனால் ஆளே இல்லை!

நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்ததா? அப்படியென்றால் 10.15. 'எஸ்.டி.' என்றால் மணி அடித்தாற்போல் 10.

கேள்வி: மாணவர்களுக்கென்று ஜெயில் இருந்ததாமே, நிஜமா?

நிஜம்தான். 1386-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். தன் மாணவர்களைத் தானே தண்டிக்கும் உரிமை அதற்கு இருந்தது. குடித்துவிட்டுக் கலாட்டா, ராத்திரிச் சத்தம் எல்லாம் குற்றம். 1914 வரை ஆட்களை அடைத்திருக்கிறார்கள். பையன்களுக்கு அது பெருமை. சுவர் முழுக்கத் தங்கள் உருவத்தை வரைந்து வைத்தார்கள், இன்றும் பார்க்கலாம். வகுப்புக்கு மட்டும் வெளியே விடுவார்களாம், பாவம்.

கேள்வி: தமிழ்ப் புத்தகம் ஏதாவது கிடைக்குமா தம்பி? மகள் வருகிறாள்.

தாராளமாக அக்கா. 1962-இல் தொடங்கிய தெற்காசிய நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. தமிழே சொல்லித் தருகிறார்கள், நூலகத்திலும் தமிழ் நூல்கள் உண்டு. புத்தகப் பெட்டியை விட்டுவிட்டு, அந்த எடைக்குப் புளியும் மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுங்கள்.