தகட்டில் வட்டத் துளை

கேள்வி: 1 மி.மீ. தகட்டில் 10 மி.மீ. துளை போட்டால் டிரில் பிட் கிழித்துவிடுகிறது. துளை வட்டமாக வருவதில்லை. துளையை வெட்டி எடுக்கும் பஞ்ச் என்ற கருவியை வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். நான் ஓ.எச்.என்.எஸ். (எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் கருவி எஃகு) கம்பியில்தான் செய்கிறேன். முகத்தைச் சமமாக அராவி, விளிம்பைக் கூராக விடுங்கள். டையின் (தகட்டுக்கு அடியில் வைக்கும் துளையுள்ள கட்டை) துளைதான் உயிர்நாடி: பஞ்ச் 10 மி.மீ. என்றால் டையின் துளை 10.1 முதல் 10.2 மி.மீ. வரை. இறுக்கமானால் பஞ்ச் சிக்கும், தளர்ந்தால் பிசிறு நிற்கும்.

அப்புறம், பஞ்சைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குங்கள். உடனே சுத்தியலை எடுக்காதீர்கள்; இப்போது அது கடினமானாலும் எளிதில் உடையும். என் முதல் பஞ்ச் அப்படித்தான் முனை தெறித்து, ஒரு சில்லு கன்னத்தில் பட்டது. பளபளவென்று தேய்த்து, பின்பக்கமிருந்து மெல்லச் சூடாக்குங்கள். முனையில் வைக்கோல் நிறம் படர்ந்ததும் எண்ணெயில் போடுங்கள். அடிக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.