மெடிக்கல் கோடிங் வகுப்புக்குக் காசு கட்டுமுன்: ஓர் அம்மாவுக்கு எழுதியது

அம்மா, நேற்று மகளோடு வந்தபோது நீங்கள் கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. வெளியில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அதுதான் எழுதுகிறேன்.

பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இஸட் புள்ளி மருத்துவபீடத்துக்குப் போதவில்லை. "மெடிக்கல் கோடிங் படித்தால் வீட்டிலிருந்தே டொலரில் சம்பளம்" என்று யாரோ துண்டுப்பிரசுரம் நீட்டியிருக்கிறார்கள். சங்கிலியை அடகு வைத்துக் காசு கட்டலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். படிப்பில் குறை இல்லை. பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கோடிங் என்றதும் கம்பியூட்டருக்கு நிரல் எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். இது வேறு. வைத்தியர் எழுதிய குறிப்பை வாசித்து, நோய்க்கு ஒரு எண், செய்த பரிசோதனைக்கு ஒரு எண் என்று தேடிப் போடுவது. அமெரிக்காவில் அந்த எண்களைக் காட்டித்தான் ஆஸ்பத்திரி காப்புறுதிக் கம்பனியிடம் காசு கேட்கும். நோய் எண்கள் இருக்கும் பட்டியலுக்கு ஐசிடி-10-சிஎம் என்று பெயர். 2015 ஒக்ரோபர் 1 இலிருந்து அங்கே இதுதான். பரிசோதனை, சிகிச்சை எண்களுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடும் சிபிடி. சாயம் ஏற்றாத நெஞ்சு சிரி ஸ்கானுக்கு 71250, ஊதிப் பார்க்கும் சுவாசப் பரிசோதனைக்கு 94010. இந்த நோய்க்கு இந்த ஸ்கான் ஏன் தேவைப்பட்டது என்பது இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும்போது விளங்கவேண்டும். விளங்காவிட்டால் பில் திரும்பி வரும்.

நம் ஊர் அரச ஆஸ்பத்திரிகளிலும் விடுதி நோயாளரின் நோய்களை ஐசிடி-10 எண்களால்தான் பதிகிறார்கள். சிகிச்சை இலவசம் என்பதால் அது புள்ளிவிவரத்துக்கு. அங்கே காசு விவகாரம் இல்லை.

இனி, மகள் விரும்பினால் செய்து பார்க்க ஒரு சின்னப் பரீட்சை. நுரையீரல் இடைத்திசு நோய்களை எடுத்திருக்கிறேன். காற்றறைகளைச் சுற்றியுள்ள மெல்லிய திசு தடித்து, தழும்பு விழுந்து, மூச்சு எடுக்கக் கஷ்டப்படும் நோய்கள். இருநூறுக்கும் மேற்பட்டவை இந்தத் தலைப்புக்குள் வரும். வேண்டுமென்றே கஷ்டமானதை எடுத்தேன். காய்ச்சல், சலரோகத்தை வைத்துப் பழக்கிவிட்டு "உங்கள் பிள்ளை கெட்டிக்காரி" என்று சொல்வது வகுப்புக்காரருக்குச் சுலபம்.

அந்தத் தழும்பை வைத்தியர் "நுரையீரல் நார்த்தடிப்பு" என்று மட்டும் எழுதினால் எண் ஜே84.10. "காரணம் அறியப்படாத நுரையீரல் நார்த்தடிப்பு" என்று எழுதினால் ஜே84.112. இரண்டு சொல்தான் கூட. ஆனால் இந்த இரண்டாவது நோய்க்கென்று 2014 ஒக்ரோபரில் அமெரிக்காவில் பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் என்ற இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. வந்தபோது இரண்டும் பயங்கர விலை. அதற்குக் காசு கொடுக்கிற கம்பனி எண்ணைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கும்.

இங்கேதான் உயிரியல் படித்த பிள்ளைகள் சறுக்குவார்கள். ஸ்கான் அறிக்கையில் "தேன்கூடு போன்ற தோற்றம்" என்று இருக்கும். அது எதைக் காட்டும் என்று பிள்ளை எங்காவது வாசித்திருப்பாள். ஜே84.112 ஐப் போடக் கை துருதுருக்கும். போடக்கூடாது. நோயைச் சொல்லவேண்டியவர் வைத்தியர். குறிப்பில் இல்லாவிட்டால் அவரிடம் எழுதிக் கேட்கலாம், அதுவும் விடையைத் திணிக்காமல். டொக்டராக ஆசைப்பட்ட பிள்ளைக்கு இது நாளாந்தம் கொஞ்சம் வலிக்கிற வேலை. அதை யாரும் பிரசுரத்தில் போடமாட்டார்கள்.

வெளிநோயாளர் குறிப்பில் "இடைத்திசு நோய் என்று சந்தேகம்" என்று இருந்தால் அந்த நோய்க்கு எண்ணே போடக்கூடாது. நாட்பட்ட இருமலுக்கு ஆர்05.3, மூச்சுத்திணறலுக்கு ஆர்06.02 என்று அறிகுறிகளைத்தான் போடவேண்டும். விடுதியில் இருந்து வீடு போகிற நோயாளியின் இறுதிக் குறிப்பில் அதே "சந்தேகம்" இருந்தால், நோய் இருப்பதாகவே எடுத்துப் போடலாம். ஒரே சொல்லுக்கு இரண்டு விதி! எனக்கும் முதலில் இது நியாயமாகப் படவில்லை.

அப்புறம் ஒழுங்கு. தோல் தடித்து இறுகும் ஸ்க்ளெரோடெர்மா என்ற நோய் நுரையீரலையும் பிடித்து, தழும்பு கூடிக்கொண்டே போனால் எம்34.81 முன்னுக்கு, ஜே84.170 பின்னுக்கு. அடிப்படையான நோய் முதலில் வரவேண்டும். இந்த 170 பட்டியலில் வந்ததே 2020 ஒக்ரோபரில்தான். ஒவ்வொரு ஒக்ரோபரும் பட்டியல் மாறும், ஒருமுறை பாடமாக்கிவிட்டு இருக்கமுடியாது. புறா வளர்ப்பவருக்கு வரும் நுரையீரல் அழற்சிக்கு ஜே67.2, பூஞ்சணம் பிடித்த வைக்கலோடு புழங்குபவருக்கு ஜே67.0. இதை வாசித்து மகளுக்குச் சிரிப்பும் ஆர்வமும் வந்தால் நல்ல சகுனம். "அம்மா, தலை சுத்துது" என்றால் அதையும் கேளுங்கள்.

நோய் எண் பட்டியல் அமெரிக்க அரசின் தளத்தில் இலவசம். வீட்டில் இருக்கும் பழைய டயக்னோசிஸ் கார்டுகளையும் எடுத்து எண் தேடிப் பார்க்கட்டும். ஒரு கிழமை போதும்.

பிடித்துக்கொண்டால் அடுத்த கதை. வேலைக்குப் பெரும்பாலும் கேட்கப்படும் கோடிங் சான்றிதழ் சிபிசி. அதன் பரீட்சை 100 கேள்வி, 4 மணித்தியாலம், 70 சதவீதம் வேண்டும். குறியீட்டுப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். கட்டணம் டொலரில். அனுபவம் இல்லாமல் பாஸானால் சான்றிதழ்ப் பெயருக்குப் பின்னால் பயிலுநர் என்பதைக் காட்டும் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த எழுத்தோடு முதல் வேலை எடுப்பதுதான் உண்மையான மலை. அதனால் வகுப்புக்காரரிடம் கேட்கவேண்டியது "பாஸ் வீதம் என்ன" அல்ல. போன வருடம் படித்தவர்கள் எந்தக் கம்பனியில் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரோடு பேசலாமா என்று கேளுங்கள். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்றும் பாருங்கள்.

இரவு வேலை பற்றிப் பயந்தீர்கள். நிராகரித்த பில்லுக்காகக் காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுக்கும் வேலைக்கு அவர்களுடைய பகல் வேண்டும், அதாவது நம் இரவு. கோடிங் பெரும்பாலும் பகலிலேயே செய்யலாம். எதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சுலபமான எண்களை இப்போது கம்பியூட்டரே முன்மொழிகிறது. மேலே சொன்ன மாதிரிச் சிக்கலானவற்றைச் சரிபார்க்கத்தான் ஆள் தேவைப்படும்.

யாழ் பல்கலைக்கழகத்தில் தாதியம், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி பார்க்காமல் அவற்றை விட்டுவிட வேண்டாம்.

இதோடு ஐந்து குறிப்புகள் வைத்திருக்கிறேன், பெயர் எதுவும் இல்லாமல் நானே எழுதியவை. மகள் செய்துகொண்டு அடுத்த வியாழன் தனியே வரட்டும். நான்காவதில் தேன்கூடு வருகிறது. அதில் என்ன போட்டாள் என்று நான் பார்க்கும்வரை நீங்கள் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.