கவிதை நோட்டோடு சென்னைக்கு வருகிற தங்கச்சிக்கு

மலேசியாவின் கிள்ளானிலிருந்து வேலைக்காகச் சென்னை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை, தண்ணீர் பற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில் "கவிதை எழுதுவேன், அங்கே இலக்கியக்காரர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் தண்ணீரும் உடன் வேலை செய்கிறவர்களைக் கேட்டாலே தெரிந்துவிடும். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும், அடிபட்டவன் என்பதால்.

14 வருஷத்துக்கு முன்னால் ஈப்போவிலிருந்து வந்தபோது என் பையிலும் ஒரு கவிதை நோட்டு இருந்தது. மூன்றாம் மாதமே ஒரு பதிப்பகத்தார் பிடித்துக்கொண்டார். வாய் நிறையப் புகழ்ந்தார், அச்சுச் செலவு மட்டும் என்னுடையது என்றார். 500 பிரதிக்குப் பணம் கட்டினேன், 60 பிரதி கைக்கு வந்தது. மீதியைக் கேட்டால் "கடைகளில் இருக்கிறது" என்பார். ஒரு கடையிலும் நான் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் இன்னொருவர் எனக்கு விருது தருவதாகச் சொல்லி, மண்டப வாடகையில் பங்கு கேட்டார். ரிங்கிட்டில் சம்பாதித்தவன் என்று தெரிந்தால் இப்படிச் சிலர் வருவார்கள். சால்வைக்கும் விருதுக்கும் காசு கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சொந்தச் செலவில் புத்தகம் போடுவது தப்பில்லை. இப்போது 50 பிரதிகூட அச்சடித்துத் தருகிறார்கள். ஆனால் எத்தனை பிரதி, எல்லாம் யார் கையில் இருக்கும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல விஷயங்களுக்கு இந்த ஊரில் காசே வேண்டாம். அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம், கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், மயிலாப்பூர் கவிக்கோ மன்றம் எல்லாவற்றிலும் புத்தக வெளியீடு, விமர்சனக் கூட்டம் என்று ஏதாவது நடக்கும். யாரும் போய் உட்காரலாம். மேடைப் பேச்சு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அப்புறம் டீக்கடையில் நடக்கிற பேச்சுதான் உண்மையான கூட்டம்.

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி இருக்கும். எல்லாக் கடையிலும் 10 சதவீதம் தள்ளுபடி. சனி ஞாயிறு கூட்டத்தில் ஒன்றும் பார்க்க முடியாது, வேலை நாளில் ஒரு மதியம் லீவு போட்டுவிட்டுப் போங்கள். மார்கழிக் கச்சேரியும் அப்படித்தான். சாயங்கால டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். பல சபாக்களில் மதியம் இளையவர்கள் பாடுவதை இலவசமாகவே கேட்கலாம்.

நம்மவர்கள் சிலர் டிசம்பரில் பத்து நாள் வந்து கச்சேரியும் பட்டுப்புடவையுமாகத் திரும்பி, சென்னையைப் பார்த்துவிட்டோம் என்கிறார்கள். இங்கேயே குடியிருப்பவர்களில் சிலரோ ஒருவர் வீட்டில் கூடி, நம் ஊர்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டு, ஊர் சரியில்லை என்று பேசியே பத்து வருஷத்தைக் கழிக்கிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்று, உங்கள் பேச்சை மாற்றாதீர்கள். "பசியாறிட்டீங்களா?" என்று நான் கேட்டதற்கு அலுவலகத்தில் சிரித்தார்கள். கொஞ்ச காலம் சென்னைக்காரனைப் போலப் பேசிப் பார்த்தேன், கவிதையும் அப்படியே சப்பென்று ஆனது. ஒருநாள் பாவாணர் அரங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, என் நோட்டைப் புரட்டிய ஒரு பெரியவர் "பால்மரம்னா எது?" என்று கேட்டார். ரப்பர் மரம் என்றேன். அம்மா விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனதையும், மழை வந்தால் அன்றைக்குக் கூலி இல்லாமல் போனதையும் சொன்னேன். அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைக்காரர் அடுப்பை அணைக்கும்வரை அங்கேயே நின்றிருந்தோம்.