சுவரில் முகம், கல்லில் பெயர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மகளோடு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ‘கலை காலத்தின் கண்ணாடி’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். சோழர் ஓவியங்களின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, “எல்லாம் சாமியும் ராஜாவும்தான். மத்தவங்க எங்கேப்பா?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கூட வந்த நண்பரோ, நாயக்கர்கள் சோழர் ஓவியத்தின் மேலேயே வரைந்து மறைத்துவிட்டார்கள் என்று கொதித்தார். கலை தன் காலத்துச் சமூகத்தைக் காட்டுகிறது என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

முதலில் நண்பரின் கோபத்தை முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுச் சுற்றறையில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடங்களில் அடியில் வேறொன்று தெரிவதை 1931இல் கண்டு சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. கோயில் 1010 வாக்கில் முடிந்தது. மேல் ஓவியம் அதற்கு அறுநூறு ஆண்டுகள் கழித்து வந்தது. அதை வரைந்தவர்களுக்கு அடியில் இருந்தது மங்கிப்போன ஒரு சுவராகத்தான் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கோயில் புழக்கத்தில் இருந்தால் புதுப்பிப்பார்கள். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்து விதானத்தில் பழைய ஓவியம் ஒன்று இருந்தது. கும்பாபிஷேகத்துக்காக அதன் மேல் எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். நன்கொடையாளர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது, ரூ.500. அதனால் நாயக்கர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. தஞ்சையில் பிற்பாடு தொல்லியல் துறையினர் சில இடங்களில் நாயக்கர் ஓவியத்தைச் சிதையாமல் உரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகையில் பதித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இரண்டு காலமும் தப்பித்தன.

சரி, மகளின் கேள்வி. கண்ணாடி என்ற உவமை எனக்கு ஒத்துவருவதில்லை. கண்ணாடி முன்னால் யார் நின்றாலும் காட்டும், காசு கேட்காது. ஓவியத்துக்கு யாரோ செலவு செய்ய வேண்டும். ஆகவே ஒரு பழைய ஓவியத்தைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது, செலவு செய்தவர் எங்கே நிற்கிறார் என்று. அப்புறம், அவர் கேட்காமலேயே ஓவியர் எதையெல்லாம் உள்ளே கொண்டுவந்தார் என்று.

தஞ்சைச் சுவரில் சுந்தரர் கதை இருக்கிறது அல்லவா? கல்யாண நாளன்று ஒரு கிழவர் குடையும் ஓலையுமாக வந்து, “உன் பாட்டன் எனக்கு அடிமை, நீயும் அடிமை” என்று தகராறு செய்கிறார். வந்தவர் சிவபெருமான். கல்யாண வீட்டில் சமையல் நடக்கிறது. இன்னொரு பக்கம் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கூடி ஓலையைப் பரிசீலிக்கிறது. பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாகக் கதை. சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு நூறாண்டுக்கும் முன்னால் வரையப்பட்ட படம் இது. பக்தியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாருங்கள்: எழுதி வாங்கிய பத்திரம், சாட்சிக் கையெழுத்து, ஊர்ச்சபை, பரம்பரை அடிமைத்தனம். சோழர் காலத்தில் ஆட்களைக் கோயிலுக்கு விற்ற செய்திகள் கல்வெட்டுகளில் உண்டு. அடிமை ஓலை என்றதும் அன்றைய பார்வையாளருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்காது. கடவுளே வந்தாலும் மூல ஓலையைக் காட்டித்தான் வழக்கை வெல்ல வேண்டும்! உங்கள் மகள் தேடிய ‘மத்தவங்க’ இந்தச் சமையல்காரர்களும் சபையாரும்தான். சாமி கதையின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

அதே சுவர்களில் ஆடும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று ஓவியம் சொல்லாது. ஆனால் திருச்சுற்று மதிலின் வெளிப்பக்கத்தில் ராஜராஜனின் கல்வெட்டு ஒன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, வரிசையாகப் பட்டியலிடுகிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்த வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்ற விவரத்தோடு. ஊதியமாக ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். தெற்குத் தளிச்சேரி தென்சிறகில் தலைவீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்கு. கோயில் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனுக்கும் அந்தக் கல்வெட்டில் பங்கு உண்டு. சுவரில் இருக்கும் முகங்களுக்குப் பெயர் இல்லை, கல்லில் இருக்கும் பெயர்களுக்கு முகம் இல்லை. அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா என்பதை இரண்டுமே சொல்லவில்லை. சோழர் கலை என்றால் படத்தை மட்டும் பார்ப்பது பாதி வேலை என்பது என் கட்சி.

இனி ராஜா. தில்லைக் கூத்தனைக் கும்பிடும் காட்சியில் அரசர் ஓரமாகக் கைகூப்பி நிற்கிறார். செலவு முழுக்க அவருடையது, நடு இடம் அவருக்கு இல்லை. எழுநூறு ஆண்டு தாண்டி ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்குப் போங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு. அந்தச் சீமையை ஆண்ட சேதுபதிதான் எங்கே பார்த்தாலும்: தஞ்சை மராட்டியரோடு போர், ஐரோப்பியர்களோடு சந்திப்பு, அந்தப்புரம், கட்டில். (மகளை அழைத்துப் போனால் சில சுவர்களை வேகமாகக் கடக்க வேண்டியிருக்கும்.) அரண்மனைச் சுவரையும் கோயில் சுவரையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் சோழர் காலத்துக்கும் நாயக்கர், சேதுபதிகள் காலத்துக்கும் நடுவே அரசர் என்ற ஆளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் தொந்தியோடு ராணிகள் புடைசூழ ஆளுயரச் சிலையாகத் தூணில் நிற்கிறார், அதுவும் கோயில் மண்டபம்தான். குலப்பெருமையை மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசர் புகழ்ப்பாட்டில், சொன்னால் போதும் என்றிருந்த காலம் போய், அரசரின் உடம்பையும் அவருடைய இன்பங்களையும் காட்டியாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

சுற்றறைக்குள் பொதுவாக யாரையும் விடுவதில்லை, ஆகவே அடுத்த முறையும் உங்களுக்குப் புகைப்படங்கள்தான். ஆனால் கல்வெட்டுக்குப் பூட்டு இல்லை. பழைய எழுத்துதான், என்றாலும் ட, ப மாதிரி சிலவற்றை அடையாளம் கண்டுவிடலாம். ‘நக்கன்’ என்ற சொல்லை அந்த எழுத்தில் ஒரு தாளில் எழுதி மகள் கையில் கொடுத்து, சுவரில் தேடச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாப் பெண்களின் பெயருக்கும் முன்னால் அது வரும். போன முறை நான் இருபத்திரண்டு வரை எண்ணினேன். அதற்குள் நேரமாகிவிட்டது என்று வாட்ச்மேன் வந்து நின்றார்.