மோட்டாரை இரண்டு தடவை தூக்கினால் இரண்டு கூலியா?

கேள்வி: எங்கள் வீட்டு போர்வெல் 300 அடி. சப்மெர்சிபிள் மோட்டார் காயில் போய்விட்டது. ரீவைண்டிங் 5,000 ரூபாய் என்றார் மெக்கானிக், சரி என்றேன். மாட்டிய மறுநாளே நின்றுவிட்டது. மறுபடி தூக்கி, கேபிள் ஜாயின்டில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சரிசெய்தார். இப்போது பில் 14,300 ரூபாய். ரீவைண்டிங் 5,000, புஷ் மற்றும் ஜாயின்ட் சாமான் 1,300, ஏற்றி இறக்க இரண்டு தடவைக்கு 6,000, ஆள் கூலி 2,000. நான் கேள்வி கேட்டதும் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் தண்ணீர் இல்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: சகோதரி, தண்ணீர் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு நிதானமாகப் பேசுவது கஷ்டம்தான். ஆனாலும் மொத்தத் தொகையை வைத்துச் சண்டை போடாதீர்கள். வரி வரியாகப் பேசுங்கள்.

முதல் தடவை ஏற்றி இறக்கிய 3,000 ரூபாயை நீங்கள் கொடுக்கத்தான் வேண்டும். ரீவைண்டிங் என்று சொல்வது காயில் கட்டும் வேலையை மட்டும்தான். 300 அடி பைப்பைக் கழற்றி மேலே கொண்டுவருவது தனி உழைப்பு. அவர் முன்கூட்டியே சொல்லாதது தவறு. ஆனால் இனாமாகச் செய்யாத வேலையின் பலனை நாம் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. அடிக்கு 10 ரூபாய் நியாயமா என்று ஊரில் வேறு இரண்டு மெக்கானிக்குகளிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது 3,000 வேறு கதை. மோட்டாரை இறக்கும் முன், அதன் வயரையும் மேலிருந்து வரும் கேபிளையும் முறுக்கிச் சேர்த்து, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் பிவிசி டேப் போடுவார்கள். அந்தச் சுற்று தளர்ந்தால் தண்ணீர் உள்ளே போகும், ஸ்டார்ட்டர் டிரிப் ஆகி மோட்டார் நின்றுவிடும். அந்த ஜாயின்டைப் போட்டது அவர். அவர் வேலையில் வந்த குறையைச் சரிசெய்ய அவரே தூக்கியதற்கு நீங்கள் ஏன் கூலி தர வேண்டும்? ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். கேபிள் பழசு, மாற்றுங்கள் என்று அவர் முதலிலேயே சொல்லி நீங்கள் வேண்டாம் என்றிருந்தால், பாரம் உங்கள் பக்கம் சாயும்.

ஆள் கூலி 2,000? ஏற்றி இறக்கும் ரேட் என்றாலே பொதுவாக ஆட்களையும் சேர்த்துத்தான். 'அந்த 3,000 யாருக்கு, இந்த 2,000 யாருக்கு அண்ணா?' என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் அதைக் கழித்துவிடுங்கள். ஆக நீங்கள் தர வேண்டியது 9,300. இழுத்தடிக்காமல் உடனே கொடுங்கள். வெயிலில் பைப் பிடித்த ஆட்களின் சம்பளம் இந்தச் சண்டையில் நிற்கக் கூடாது. ஜிபேயிலோ வங்கி வழியாகவோ அனுப்பினால் சாட்சி இருக்கும்.

ஸ்டார்ட்டர் விஷயத்தில் அவர் செய்தது சரியே இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்த பொருளை, அதில் செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வைத்துக்கொள்ள அதே சட்டத்தின் 170ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அவர் உங்கள் ஸ்டார்ட்டரில் எந்த வேலையும் செய்யவில்லையே! அதைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை கிடையாது. இதை வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதி அனுப்புங்கள். 9,300 கொடுத்த விவரத்தையும் சேர்த்து.

அப்படியும் மசியவில்லை, தண்ணீருக்கு வழியில்லை என்றால், மீதி 5,000த்தையும் கொடுத்து ஸ்டார்ட்டரை வாங்கிவிடுங்கள். ஆனால் 'இந்த 5,000 ரூபாயை ஆட்சேபத்துடன் கொடுக்கிறேன்' என்று அதற்கு முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் கொடுக்கலாம். துண்டுச் சீட்டு போதாது, முறையான பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறைதான்.

பணம் கொடுக்கும்போது, ரீவைண்டிங்குக்கு எத்தனை மாத கேரண்டி என்பதை அந்த பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதற்குள் காயில் போனால் ஏற்றி இறக்கும் கூலி யாருடையது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.