தங்கச்சியின் கையெழுத்து

அன்புள்ள அக்கா,

என் தங்கச்சியின் மகனுக்கு 15 வயது. மணல் ஏற்றின உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து வந்தவனைப் பின்னேரம் நாலு மணிக்குப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. தங்கச்சி விடியும்வரை வாசலில் நின்றாள். "காலமை கோட்டுக்கு வாங்கோ" என்று மட்டும் சொன்னார்கள். நீதவான் பிணையில் விட்டார். அடுத்த தவணை வருகிறது. தாய் தகப்பன் இல்லாமல் கனடாவில் பிள்ளையிடம் வாக்குமூலம் எடுக்க ஏலாது என்கிறான் அங்கே இருக்கிற என் தம்பி. எங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லையா?

ஒரு வாசகர், விசுவமடு

அன்புள்ள தம்பி,

இருக்கிறது. இலங்கையின் 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். உங்கள் மருமகன் அதற்குள் வருகிறான். பிடிபட்ட பிள்ளையை உடனே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், பொறுப்பதிகாரி விசாரித்து, தாய் தகப்பனிடமோ பாதுகாவலரிடமோ பிணைமுறி, அதாவது பிள்ளையைக் கோட்டுக்குக் கொண்டுவருவோம் என்ற உறுதி, எழுதி வாங்கிக்கொண்டு விட வேண்டும். விரும்பினால் விடலாம் என்றல்ல, விட வேண்டும் என்றுதான் சட்டம். கொலை போன்ற பாரதூரமான குற்றம், பிள்ளையைக் கெட்ட கூட்டத்திலிருந்து பிரிக்க வேண்டிய தேவை, விட்டால் நீதி கெடும் என்ற நிலை, இந்த மூன்றும்தான் விலக்கு. மறித்து வைத்தாலும் பெரிய ஆட்களோடு ஒரே கூட்டில் போட ஏலாது.

அன்றிரவு வாசலில் நின்ற உங்கள் தங்கச்சியின் கையெழுத்துக்கு அந்த நிலையத்துக்குள் பெறுமதி இருந்தது. அதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். "24 மணித்தியாலத்துக்குள் கோட்டில் காட்டிவிட்டோம்" என்பார்கள். அது பெரியவர்களுக்கும் உள்ள விதி. பிள்ளைக்கு அதற்கு முன்னமே வீட்டுக்குப் போகிற வழி இருக்கிறது.

நான் ஒருநாள் வேறொரு பொலிஸ் நிலையத்தில் கண்டது. ஒரு தாய் சொப்பிங் பையிலிருந்து லமினேற் பண்ணின பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து நீட்டினா. மேசையில் இருந்தவர் அதை வாங்கவில்லை. பொடியனின் அரும்பு மீசையைப் பார்த்து, "பெரிய ஆள்தானே" என்றார். அந்தப் பொடியன் 2009இல் பங்கருக்குள் பிறந்தவன். போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து வெளியே வந்த பிறகுதான் அவனைப் பதிந்தார்கள். பதிவுத் திகதி பிந்தி நிற்பதைக் காட்டி வயதையே சந்தேகப்பட்டார்கள். வன்னியில் இந்த வயதுப் பிள்ளைகள் கனபேரின் பத்திரம் இப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூட அனுமதிப் பதிவையும் கிளினிக் அட்டையையும் சேர்த்து ஒரு பையில் வையுங்கள்.

உங்கள் தம்பி சொன்னது பெரும்பாலும் சரி. 2003இல் நடைமுறைக்கு வந்த கனடாச் சட்டத்தில் 12 முதல் 17 வயதுவரை உள்ளவரிடம், சட்டத்தரணியோடும் பெற்றோரோடும் பேசலாம் என்பதை விளங்கும்படி சொல்லாமல் எடுத்த வாக்குமூலத்தை வழக்கில் பாவிக்க முடியாது. பிள்ளை தானாக அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவும் இடமுண்டு. தமிழ்நாட்டில் முகாமில் இருக்கிற எங்கள் சனத்தின் பிள்ளைகளுக்கு இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். 18 வயதுக்குக் குறைந்தவரை எந்த நிலையிலும் லொக்கப்பில் வைக்கக் கூடாது. இங்கிலாந்தில் 10 வயதுப் பிள்ளையிலேயே வழக்குப் போடலாம், ஆனால் விசாரணையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இங்கே 2018 வரை 8 வயதே போதுமாக இருந்தது. பிறகுதான் 12 ஆக்கினார்கள்.

இனி வாக்குமூலம். பொலிசுக்குச் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் சான்றாக ஏற்க முடியாது என்று எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு கதை. மருமகன் எந்த மொழியில் எழுதின தாளில் கையெழுத்து வைத்தான் என்று அவனிடம் மெதுவாகக் கேளுங்கள். சிங்களத்தில் என்றால், வாசித்து விளங்கப்படுத்தினார்களா என்றும் கேளுங்கள். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். இப்படி இன்னொரு பிள்ளை பிடிபட்டால் அந்த நேரமே 1929க்கு அடியுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. தவணைக்கு முன்னம் தங்கச்சியை இருத்தி, அவனைப் பிடித்த நேரம், தான் வாசலுக்குப் போன நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதை அவளின் கையாலேயே தமிழில் எழுதுவித்து, கீழே கையெழுத்தும் வாங்கிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

அக்கா