காளான் கொட்டகைக்குப் போய் வந்தால் காய்ச்சல்

கேள்வி: ஊட்டி பக்கம் கேத்தியில் இருக்கிறோம். என் கணவருக்கு 42 வயது, மொட்டுக் காளான் பண்ணையில் வேலை. கம்போஸ்டில் விதை கலக்கும் நாளெல்லாம் சாயங்காலம் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல். இரண்டு நாளில் தானே விட்டுவிடுகிறது. சளிப் பரிசோதனையில் டிபி இல்லை. நிமோனியா என்று மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மாஸ்க் போட்டால் போதுமா டாக்டர்?

பதில்: போதாது அம்மா. தூசி உள்ளே போன 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல் தொடங்கி, ஓரிரு நாளில் தணிந்து, அதே வேலைக்குப் போனதும் திரும்புவது கிருமியால் வரும் நிமோனியாவின் போக்கு அல்ல. ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் எனும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆன்டிபயாடிக் இதில் எதுவும் செய்யாது. தானாகத் தணிந்ததற்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்கிறது.

மொட்டுக் காளான் பண்ணையில் குற்றவாளி பெரும்பாலும் காளான் அல்ல, கம்போஸ்ட்தான். வைக்கோலும் கோழி எருவும் 50, 60 டிகிரி சூட்டில் புழுங்கும்போது, சூட்டை விரும்பும் ஆக்டினோமைசீட்ஸ் நுண்ணுயிர்கள் சாம்பல் பூத்ததுபோல் படர்கின்றன. விதை கலக்கக் கிளறினால் அவற்றின் வித்துகள் கிளம்பும். சுமார் 1 மைக்ரான் அளவுதான் என்பதால் மூக்கில் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். குளிருக்காகக் கொட்டகையை அடைத்து வைத்திருந்தால் இன்னும் மோசம். (சிப்பிக் காளானில் காளான் வித்தே இதைச் செய்யும்.)

காய்ச்சல் இருக்கும்போதே நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம்; நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேனும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் தேவை. விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 94, 95 காட்டினால் பதற வேண்டாம், ஊட்டி உயரத்தில் அது சகஜம். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிப் பாருங்கள். 6 நிமிடம் நடந்தபின் அந்த அளவு 4 புள்ளி குறைந்தால் கவலைப்பட வேண்டும்.

துணி மாஸ்க் வீண். என்95 கூட தாடி இருந்தாலோ மூக்கோரம் இடைவெளி விட்டாலோ தூசியை உள்ளே விடும். ஒவ்வாமை ஏற்பட்டுவிட்ட நுரையீரலுக்குக் கொஞ்சம் தூசியே போதும். அதனால் கம்போஸ்ட் பக்கமே போகாத வேலை கேளுங்கள்: பேக்கிங், வண்டி, கணக்கு. மருத்துவர் பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரை தந்தால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும். அதைப் போட்டுக்கொண்டே கொட்டகைக்குப் போனால் காய்ச்சல் அடங்கும். உள்ளே தழும்பு கட்டுவது நிற்காது. கட்டிய தழும்பு கரையாது.

சீட்டில் அவர் செய்யும் வேலையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தொழிலாளர் இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இந்த நோய் உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.